வெல்டா வீட்டில் எல்லோரையும் பார்த்துக்கொள்கிறாள்

ஓரின் கிட்டன்ஸ் தேர்வுத் தாளில் பொய் எழுத மாட்டார். பிரிட்ஜ்டவுனுக்கு மேலே, குன்றின்மேல் இருக்கும் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வருஷமாக மாலை நேரத் தர்க்க வகுப்பு நடத்துகிறவர் அவர். ஜனங்கள் கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற சாதாரண இங்கிலீஷ் வாக்கியத்தை எடுத்து, சதையெல்லாம் உரித்து, தலைகீழாக நிற்கும் ஓர் இங்கிலீஷ் ஏ, முகம் திருப்பி நிற்கும் ஒரு ஈ, ஓர் அம்பு, நாலு அடைப்புக்குறி என்று வெறும் எலும்பாக நிறுத்துவதுதான் அந்த வகுப்பின் வேலை. மற்ற வாத்தியார்கள் இதற்குப் பாடப்புத்தகத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்வார்கள். எல்லா யானைகளும் சாம்பல் நிறம், சில ராஜாக்கள் வழுக்கை என்கிற மாதிரி. கிட்டன்ஸுக்கு அது ஆகவே ஆகாது. "பார்படோஸ்ல நீ எத்தனை யானை பாத்திருக்கே?" என்று கேட்பார். அவர் தாளில் வரும் பத்து வாக்கியங்களும் இந்தத் தீவில் அவர் தன் காதால் கேட்டவை. கேட்டால் மட்டும் போதாது, உண்மையாகவும் இருக்க வேண்டும்.

உண்மையா என்று பார்ப்பதற்கு ஒரு நீல நோட்டு வைத்திருந்தார். வாக்கியத்தில் 'எல்லோரும்' என்று வந்துவிட்டால் போதும், அந்த எல்லோரும் யார் யார் என்று ஒவ்வொரு பெயராக எழுதி, ஆளாளாகப் போய் விசாரித்து, பெயருக்கு நேரே பென்சிலால் டிக் போடுவார். கடைசிப் பெயருக்கு டிக் விழுந்த பிறகுதான் வாக்கியம் தாளுக்குப் போகும். 'லாஷ்லி கடைக்கு வரும் எல்லோரும் லாஷ்லியோடு சண்டை போட்டிருக்கிறார்கள்' என்ற ஒரு வாக்கியத்துக்காக ஆறு சனிக்கிழமைகள் அந்த ரம் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து முப்பத்தோரு பேரை விசாரித்தார். முப்பத்தோராவது ஆள், மாபி என்கிற மரப்பட்டைச் சர்பத் குடிக்க வந்த பாதிரியார். தனக்கும் லாஷ்லிக்கும் ஒரு வாய்ச்சொல் கூட வந்ததில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

"இதுக்காடா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறே, ப்ரொபஸரே?" என்றார் லாஷ்லி. "இரு, இப்பவே போய் பாதிரியாரோட ஒரு சண்டை போட்டுட்டு வரேன்."

கிட்டன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்கியத்தை அடித்துவிட்டார்.

அவர் ப்ரொபஸர் கிடையாது. கடையில் வைத்த பெயர் அது, பாதி கிண்டல், பாதி பாசம். காலையில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை, சாயங்காலம் வகுப்பு. நிரந்தர வேலைக்கு நான்கு முறை மனுப் போட்டார், நான்கு முறையும் வெளியூரில் படித்துவிட்டு வந்த யாராவது ஒருவருக்குப் போயிற்று. அதைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பியதில்லை. ஆனால் வகுப்பில் அவர் நிற்கிற நிற்பைப் பார்த்தால் மனுஷனுக்கு வேறு ஆசையே இல்லை என்று தெரியும். புதுப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் செய்கிற ஒரு தப்பு உண்டு. 'நேர்மையான மந்திரி ஒருவர் இருக்கிறார்' என்பதைக் குறியில் எழுதச் சொன்னால், 'ஏதோ ஒன்று இருக்கிறது, அது மந்திரியாக இருந்தால் நேர்மையானது' என்று அம்பு போட்டு எழுதிவிடுவார்கள். கிட்டன்ஸ் சாக்பீஸைக் கீழே வைப்பார்.

"எங்க வீட்டுப் பின்னாடி ஒரு சீமைப்பலா மரம் நிக்குது. அது மந்திரியா?"

"இல்ல ஸார்."

"மந்திரியா 'இருந்தா' நேர்மைன்னு தானே எழுதியிருக்கே? மரம் மந்திரி இல்ல, அதனால அதுக்கு நேர்மையா இருக்க வேண்டிய அவசியமே இல்ல. நீ எழுதினது அந்த மரத்தாலேயே நிஜமாயிடுச்சு. எங்க வீட்டு சீமைப்பலா நிக்கற வரைக்கும் இந்த நாட்டுல நேர்மையான மந்திரிக்குப் பஞ்சமே வராது."

வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்தத் தப்பை மறுபடி யாரும் செய்ய மாட்டார்கள்.

அந்தச் சீமைப்பலா மரம் நிற்கிற வீட்டில் நான்கு பேர். அப்பா எக்பர்ட்டுக்கு எண்பத்து நான்கு வயது. கண்ணில் நீர் அழுத்தம் ஏறிப் பார்வை போய், ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சித்தப்பா மகன் ஹார்கோர்ட் ஒரு காலத்தில் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போன பிறகு டாமினோ ஆடுவதே தொழில். அப்புறம் ஓரின், ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த மூன்று ஆண்களுக்கும் சேர்த்து வெல்டா. ஓரினுக்கு நாலு வயது மூத்த அக்காள். பள்ளிச் சமையற்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் நின்றுகொண்டே வேலை செய்தவள், அப்பாவுக்குப் பார்வை போனதும் அதை விட்டுவிட்டு வீட்டில் நிற்க ஆரம்பித்தாள். அப்பாவுக்கு எட்டு மணிக்கு ஒரு சொட்டு மருந்து, மதியம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. ஹார்கோர்ட்டுக்கு முதுகில் தைலம். ஓரினுக்கு இஸ்திரி போட்ட சட்டை, வகுப்புக்குப் போகுமுன் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. அவளுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாத்திரை டப்பா சமையலறை அலமாரியில் இருக்கிறது என்பதும் தெரியும். அதைத் திறந்து பார்த்தவர்தான் யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து இரண்டு பெண்கள் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். "உங்களுக்கெல்லாம் எப்படிப் போகுது, மிஸ்டர் எக்பர்ட்?" என்று கேட்டதற்கு, அப்பா ரேடியோவைத் தணித்துவிட்டுச் சொன்னார்:

"எங்களுக்கென்னம்மா குறை? வெல்டா இந்த வீட்ல எல்லாரையும் பாத்துக்கறா."

ஓரின் உள்ளறையிலிருந்து அதைக் கேட்டார். நல்ல வாக்கியம். சுத்தமான வாக்கியம். எந்த ஆளை எடுத்தாலும் சரி, அந்த ஆள் இந்த வீட்டில் இருந்தால், வெல்டா அந்த ஆளைப் பார்த்துக்கொள்கிறாள். தேர்வுக்கு இதைவிட என்ன வேண்டும்? நோட்டை எடுத்தார். பெயர்களை எழுதினார், யோசித்தார், டிக் போட்டார். வீட்டு விஷயம் என்பதால் அலைய வேண்டியிருக்கவில்லை, பத்து நிமிஷத்தில் முடிந்தது. டிசம்பர் தாளில் அது ஏழாவது கேள்வி.

இது நடந்தது நவம்பரில். அதே நவம்பரில், தீவின் சுதந்திர தினத்துக்குக் காங்கி செய்யும்போது, சோளமாவும் தேங்காயும் பூசணியும் வாழையிலையில் கட்டி வேகவைத்த பானையை இறக்கையில், கொதிநீர் வெல்டாவின் வலது கால் விரல்களில் கொட்டியது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் வினை. சர்க்கரை அவள் பாதத்தில் உணர்ச்சியை எப்போதோ தின்றிருந்தது. அவள் ஒரு துணியைச் சுற்றினாள், காங்கியை எடுத்து எல்லோருக்கும் வைத்தாள். ஒரு வாரம் கழித்துத் தன் செருப்பு நுழையவில்லை என்று ஹார்கோர்ட்டின் பழைய கான்வாஸ் ஷூ ஒன்றின் முன்பக்கத்தைக் கத்தியால் அறுத்து அதை மாட்டிக்கொண்டாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஆண்பிள்ளை ஷூ. அந்தக் கோலத்தில் ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறாள், மூன்று ஆண்பிள்ளைகள் தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது. அப்பாவுக்காவது கண் தெரியாது. அவர்கூட ஏதோ நாற்றம் வருகிறது, எலி செத்திருக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஹார்கோர்ட் அலமாரிக்குப் பின்னால் குனிந்து தேடினார், கிடைக்கவில்லை.

தேர்வு முடிந்தது. முப்பத்து நான்கு தாள்களில் ஒன்று நர்ஸ் மார்செல் புரூமுடையது.

நாற்பத்தெட்டு வயது அந்த அம்மாளுக்கு. பாலிகிளினிக்கில் கட்டுப் போடும் அறையில் இருபத்திரண்டு வருஷம். நான்கு வருஷமாகத் தலைமை நர்ஸ் வேலையைத் தற்காலிகமாகப் பார்க்கிறார், பட்டம் இல்லாததால் நிரந்தரம் ஆகவில்லை. பட்டத்துக்கு இந்தத் தர்க்க வகுப்பு கட்டாயம். போன வருஷம் ஒரு தடவை தோற்றுவிட்டார். இரண்டாம் தடவையும் தோற்றால் படிப்பையே விட்டுவிட வேண்டியதுதான், அதுதான் சட்டம். நாற்பதுக்கு இருபது வேண்டும். கிட்டன்ஸ் போட்டிருந்தது பத்தொன்பது.

முடிவுகளைப் பலகையில் ஒட்டிய மறுநாள் நாலு மணிக்கு, வெள்ளைச் சீருடையோடு அவர் நேரே கிட்டன்ஸின் அறைக்கு வந்து நின்றார்.

"மிஸ்டர் கிட்டன்ஸ், ஏழாவது கேள்வி. எனக்கு ஒரு மார்க் வரணும்."

"உக்காருங்க நர்ஸ்." கிட்டன்ஸ் தாளைத் தேடி எடுத்தார். "எல்லாம் சரியா எழுதிட்டு, நடுவுல ஒண்ண சேத்திருக்கீங்க. 'அந்த ஆள் வெல்டாவா இல்லாட்டி' அப்படின்னு. வாக்கியத்துல அது இல்லையே? இல்லாதத சேக்கறதுக்கு நமக்கு உரிமை கிடையாது."

"நீங்கதானே வகுப்புல சொல்லிக் குடுத்தீங்க? 'கடையில எல்லாரையும் ஹார்கோர்ட் டாமினோவுல ஜெயிக்கிறான்'னா, தன்னை விட்டுட்டு மத்தவங்களன்னு எழுதணும்னு?"

"டாமினோ வேற விஷயம். தன்னோட தானே எப்படி ஆடறது? ஆனா தன்னைத் தானே பாத்துக்கறதுக்கு என்ன தடை? சாப்பிடறோம், குளிக்கறோம், மருந்து சாப்பிடறோம்..."

"தடை இருக்கான்னு நான் கேக்கல. பாத்துக்கறாளான்னு கேக்கறேன்."

"வாக்கியம் எல்லாரையும்னு சொல்லுது."

"சொல்றவங்க சொல்லிட்டுப் போவாங்க." மார்செல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா கட்டுப் போடறேன் ஸார். வீட்ல எல்லாரையும் பாத்துக்கற பொம்பளை எங்கிட்ட எப்ப வருவா தெரியுமா? நாலு பேர் தூக்கிட்டு வரும்போது வருவா. கேட்டா, 'வேலை இருந்துச்சு நர்ஸ்'ம்பா. அந்த வாக்கியத்தப் படிச்சதும் எனக்கு அவங்க மூஞ்சிதான் வந்துச்சு. அதான் அவளை மட்டும் வெளியில நிறுத்தினேன்."

"அது உங்க அனுபவம். தாள்ல அதுக்கு மார்க் இல்ல."

"சரி விடுங்க. கற்பனைப் பொம்பளைதானே, எப்படி வேணா எழுதிக்கலாம்."

அந்த வார்த்தை கிட்டன்ஸைச் சுட்டது. அதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் தாளை மூடியிருப்பார்.

"கற்பனையா? என் தாள்ல கற்பனை கிடையாது, நர்ஸ் புரூம். வெல்டா என் அக்கா. ஒவ்வொருத்தரா சரி பாத்துத்தான் எழுதியிருக்கேன்." பையிலிருந்து நீல நோட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, அவர் முன்னால் வைத்தார். "நீங்களே பாருங்க."

எக்பர்ட், டிக். ஹார்கோர்ட், டிக். ஓரின், டிக்.

மார்செல் விரலால் ஒவ்வொரு பெயரையும் தொட்டார். "வீட்ல எத்தனை பேரு ஸார்?"

"நாலு பேர்."

"இங்க மூணுதான் இருக்கு."

கிட்டன்ஸ் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். மூன்றுதான் இருந்தது. இந்த ஆள் முப்பத்தோரு பேரைப் பின்தொடர்ந்தவர், மாபி குடிக்க வந்த பாதிரியாரைக்கூட விடாதவர்.

"அது வந்து... அவளைப் பத்தின வாக்கியம்தானே. அவ பேரை எதுக்கு..."

"அவ வீட்ல இல்லையா?"

கிட்டன்ஸின் காது சிவந்தது, அல்லது சிவந்த மாதிரி அவருக்கே சுட்டது. "போய்க் கேட்டுட்டு வரேன்," என்றார் விறைப்பாக. "கேக்காம மார்க் போட முடியாது."

"கேளுங்க. டிக் விழுந்தா எனக்கு அந்த மார்க் வேண்டாம், வீட்டுக்குப் போறேன்." அவர் எழுந்தார். வாசல் வரை போனவர் நின்றார். "வயசு என்ன அவங்களுக்கு?"

"ஐம்பத்தேழு."

"சுகர் இருக்கா?"

"இருக்கு. மாத்திரை சாப்பிடறா."

நர்ஸ் புரூமின் முகத்தில் இருந்த சண்டைக்காரி காணாமல் போனாள். "ஸார், கேக்கும்போது அவங்க வாயப் பாக்காதீங்க. காலப் பாருங்க."

வீடு போகும் வேனில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது, கண்டக்டர் பையன்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள், கிட்டன்ஸ் ஒன்றையும் கேட்கவில்லை. அவர் மனதில் அப்போதும் வழக்குத்தான் ஓடியது. வெல்டா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சர்ச்சுக்குப் போகிறாள், இதெல்லாம் பார்த்துக்கொள்வது ஆகாதா? டிக் விழுந்துவிடும். நர்ஸுக்கு மார்க் இல்லை என்று சொல்ல வருத்தமாக இருக்கும், ஆனால் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் தாளில் ஒரு பொய் வந்ததில்லை.

வெல்டா முன்னறையில் ஸ்டூல்மேல் ஏறி நின்று கிறிஸ்துமஸுக்குப் புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் இருந்தார். ஹார்கோர்ட் கீழே நின்று கொக்கிகளை ஒவ்வொன்றாக நீட்டினார்.

"வெல்டா, கீழ இறங்கு. ஒரு கேள்வி கேக்கணும்."

"வாயால கேளு, இறங்காமயே பதில் சொல்றேன்."

"இன்னைக்கு மாத்திரை போட்டியா?"

"எட்டு மணிக்கே விட்டாச்சே. மதியமும் விட்டேன். அப்பாவக் கேளு."

"அப்பாவோட சொட்டு மருந்து இல்ல. உன் மாத்திரை."

"எனக்கென்ன, இருக்கற வேலையில..."

"சாப்டியா?"

"நீங்கள்லாம் சாப்பிட்ட பொறவு சாப்பிடப் போறேன். என்னடா இது, மக்கள் கணக்கெடுக்க வந்த ஆளு மாதிரி நோட்டும் பென்சிலும்?"

ஹார்கோர்ட் சிரித்தார். கிட்டன்ஸ் சிரிக்கவில்லை. ஸ்டூலின்மேல், அவர் கண்ணுக்கு நேரே, அறுத்த கான்வாஸ் ஷூ இருந்தது. வாரக்கணக்காக அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்த ஷூ.

"இத எதுக்குப் போட்டிருக்கே?"

"செருப்பு கடிச்சுது."

"கழட்டு."

"போடா, வேலையப் பாரு."

"கழட்டு வெல்டா!"

அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அப்பா ரேடியோவை நிறுத்தினார். வெல்டா மெல்ல இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, திருட்டுத்தனமாக மிட்டாய் தின்று அகப்பட்ட பிள்ளையின் முகம்தான் இருந்தது. கிட்டன்ஸ் தரையில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். ஷூவைக் கழற்றியதும் அப்பா நாற்காலியிலிருந்து, "எலி! இதோ, இப்ப நல்லா வருது பாரு, இங்கதான் எங்கயோ செத்துருக்கு," என்றார்.

துணியை அவிழ்த்தார்கள். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. மூன்றாவது விரலடியிலிருந்து சிவப்பு பாதத்தின்மேல் ஏறிப்போயிருந்தது.

"வலிக்கவே இல்லடா," என்றாள் வெல்டா. "வலிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

கிட்டன்ஸ் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, வெட்கமில்லாமல் அழுதார். வெல்டா அவர் தலையில் கை வைத்து, "சரி, சரி, ஒண்ணுமில்ல," என்று சமாதானம் சொன்னாள். அப்போதும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஏழு மணிக்கு லாஷ்லி தன் சரக்கு வேனில் அவர்களைப் பாலிகிளினிக்குக்குக் கொண்டுபோய் இறக்கினார். கட்டுப் போடும் அறையில் மார்செல் புரூம் திரும்பிப் பார்த்தார். கிட்டன்ஸைப் பார்த்தார், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வருகிறவளைப் பார்த்தார். கையுறையை மாட்டினார்.

"வெல்டாவா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும் நர்ஸ்?"

"உங்களப் பத்திப் படிச்சிருக்கேன்," என்றார் மார்செல். "இவ்வளவு நாள் ஏம்மா வரல?"

"வேலை இருந்துச்சு நர்ஸ்."

மார்செல் கிட்டன்ஸ் பக்கம் திரும்பவே இல்லை. அந்த இரக்கத்தைக் கிட்டன்ஸ் சாகும்வரை மறக்க மாட்டார்.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விரல்கள் போகும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. கால் நிற்குமா, கணுக்கால் வரை எடுக்க வேண்டுமா என்பதைச் சில நாள் மருந்து கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளுக்குள் கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. வீட்டில் பாதித் திரை தொங்கியது, மீதிப் பாதி ஸ்டூல்மேல் மடித்தபடி கிடந்தது. ஹாம் வேகவைக்கத் தெரியாமல் ஹார்கோர்ட் அதைப் பொசுக்கினார். அப்பாவுக்குச் சொட்டு மருந்து விடத் தெரியாமல் ஓரின் கன்னத்தில் விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வெல்டா, "இமையக் கீழ இழுத்துப் பிடிடா, மேல பாக்கச் சொல்லு," என்று சொல்லிக் கொடுத்தாள். கால் போய்விடுமோ என்ற பயத்தை அவள் வாயால் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, அவர் கிளம்பும்போது சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "கால் இல்லாம நான் அந்த வீட்ல என்னடா பண்ணுவேன்? யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"சும்மா உக்காந்திரு," என்றார் ஓரின். "எங்களுக்குப் பிரயோஜனமா இருக்கறதுக்கா உன்ன வெச்சிருக்கோம்?"

சொல்லிவிட்டு, அப்படித்தான் வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினார்.

ஒன்பதாம் நாள் ஏழாவது கேள்வியில் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, ஒரு மார்க் போட்டு, இருபது என்று திருத்தி, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பாலிகிளினிக்குக்குப் போனார். அலுவலகத்துக்கும் எழுதிவிட்டார்: கேள்வித்தாளில் என் வாக்கியம் பொய், மாணவியின் விடை உண்மை. பத்தொன்பது வருஷப் பெருமையை ஒரே வரியில் போட்டு உடைத்த கடிதம் அது. ஐந்தாவது தடவை நிரந்தர வேலைக்கு மனுப் போட்டால் அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும் என்று தெரிந்தேதான் எழுதினார்.

"கால் எப்படி இருக்கு, அத முதல்ல சொல்லுங்க," என்றார் மார்செல்.

"நாளைக்குச் சொல்லுவாங்க."

"சரி." அவர் தாளை வாங்கினார், இருபதைப் பார்த்தார், நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "இத இப்படி வாங்கணும்னு நான் நெனைக்கல ஸார்."

"நீங்க சரியா எழுதினீங்க. அவ்வளவுதான்."

பத்தாம் நாள் டாக்டர் சொன்னார்: இரண்டு விரல்களோடு போயிற்று, பாதம் நிற்கும். ஓரின் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு லாஷ்லி கடைக்குப் போன் செய்தார். எதிர்முனையில் டாமினோ காய்களை மேஜையில் அறையும் சத்தம் நின்று, ஒரு பெரிய கூச்சல் எழுந்தது.

ஜனவரியில் வெல்டா வீட்டுக்கு வந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் மூவரும் சமைத்தார்கள். மக்ரோனி பை அடியில் கருகி, மேலே நீர்த்து இருந்தது. முதல் தட்டு வெல்டாவுக்கு. அவள் காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்தபடி அதைப் பார்த்தாள்.

"இத நான் திங்கணுமா?"

"டாக்டர் உத்தரவு," என்றார் ஹார்கோர்ட்.

"எந்த டாக்டர்டா இந்தக் கொடுமைய எழுதிக் குடுத்தான்?" என்றாள். ஆனாலும் மற்றவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் முழுவதையும் சாப்பிட்டாள். எட்டிப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

நீல நோட்டில் தன் பெயருக்குக் கீழே நான்காவதாக வெல்டாவின் பெயரை எழுதி வைத்திருந்தார் ஓரின். நேரே ஒன்றும் போடவில்லை. தினமும் காலையில் அவர்தான் அவள் காலைக் கழுவித் துடைத்துக் கட்டுவார், மாத்திரையைக் கையில் வைப்பார், விழுங்கும்வரை நிற்பார். அதற்கெல்லாம் டிக் போட முடியாது. அது வெல்டாவை ஓரின் பார்த்துக்கொள்வது. வாக்கியம் கேட்பது அதை இல்லை. போட்டுவிடலாமே, யார் கேட்கப்போகிறார்கள் என்று ஹார்கோர்ட் சொன்னார். கிட்டன்ஸ் நோட்டை மூடிவிட்டார்.

மே மாதத் தாளில் அந்த வாக்கியம் இல்லை.

கட்டுப் பிரித்து, புண் ஆறிய பிறகு, நர்ஸ் புரூம் வெல்டாவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். தினமும் காலையில் இரண்டு உள்ளங்காலையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வலி சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். வெல்டா சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அவள் சரி சரி என்றால் என்ன அர்த்தம் என்று ஓரினுக்கு இப்போது தெரியும்.

ஜூலையில் ஒரு காலை. ஓரின் வேலைக்குக் கிளம்பிப் பாதி வழி போனவர், குடையை மறந்ததால் திரும்பி வந்தார். முன்னறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ஹார்கோர்ட் எழுந்திருக்கவில்லை. சமையலறையில் அடுப்பில் என்னவோ கொதித்தது, அதை யாரும் கிளறவில்லை. பின்வாசல் வெளிச்சத்தில், படியில், வெல்டா முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் அப்பாவின் சவரக் கண்ணாடி. அவருக்குக் கண் போனதிலிருந்து அது யாருக்கும் தேவைப்படாமல் ஆணியில் தொங்கியது. வலது காலை இடது முழங்கால்மேல் தூக்கி வைத்து, கண்ணாடியை அடியில் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு தன் உள்ளங்காலை மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலை மாற்றினாள். அடுப்பில் பொங்கியது. "இரு, வரேன்," என்று அடுப்பிடம் சொல்லிவிட்டு, அவள் இன்னொரு காலையும் பார்த்து முடித்தாள்.

ஓரின் கூப்பிடவில்லை. சத்தம் போடாமல் உள்ளறைக்குப் போய் நோட்டை எடுத்தார். கண்ணில் நீர் முட்டி எழுத்து சரியாகத் தெரியவில்லை. நான்காவது பெயருக்கு நேரே டிக் போட்டார், பிறகு அடுப்பை அணைக்கப் போனார்.